கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 - சூன் 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவின் இணை ஆய்வாளராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இவரது சொந்தத் துறை படிகங்களின் காந்தவியலே.

வாழ்க்கை

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னது 1937 வரை தாம்பரத்தில் அன்றி, இராயபுரத்துக்குத் தெற்கே துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் இயங்கியது. அங்கேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநராகப் பணியாற்றியபோது, மதிய இடைவேளைகளில் இவர் நடத்திய அறிவியல் உரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர்.

1923-இல் கொல்கத்தாவில் சி. வி. இராமனின் குழுவில் சேர்ந்தார். 1928-இல் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதற்குள் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் சென்று புதிய துறையில் இறங்கியிருந்தார்.

காந்தவியல் ஆய்வுகள்

படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை மாறுவதை அளக்க இவரும் பானர்ஜியும் எளிய முறையொன்றை வகுத்தனர். சிறு படிகம் நுண்ணிய குவார்ட்சு இழையில் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படிகம் சட்டெனப் புரளும். அப்போதுள்ள முறுக்குக் கோணத்திலிருந்து வேறுபாடு கணிக்கப்படும். எதிர்மின்னிகளின் தற்சுழற்சியால் காந்தத்தன்மை பெறும் உப்புகளில் செய்த இத்தகைய அளவீடுகள், வான் விளெக்கின் கோட்பாட்டைச் சோதிக்க உதவின.

இவற்றுள் குறிப்பிடத்தக்கது காரீயகம் (கிராஃபைட்டு) பற்றிய ஆய்வாகும். காங்குலியுடன் 1939-இல் வெளியிட்ட முடிவின்படி, அதன் அடுக்குகளின் வழியே மின்சாரம் செல்லும் எளிமை, அடுக்குகளுக்குக் குறுக்கே செல்வதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். எதிர்மின்னிகள் ஏறத்தாழ இருபரிமாணத் தளத்தில் மட்டுமே உலவுகின்றன என்பதே இதன் பொருள்.

அத்தகைய ஓரடுக்கு, கிராஃபீன், 2004-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் எதிர்மின்னிகளின் தற்சுழற்சித் திசை நெடுந்தொலைவு மாறாதிருக்கும். ஆயின் தற்சுழற்சிகளை ஒரே திசையில் திருப்புவது கடினம். இதனால் இரும்பியல் காந்த முனைகளிலிருந்து அவை செலுத்தப்படுகின்றன. மாலிப்டினம் டைசல்பைடு போன்ற இருபரிமாணக் குறைக்கடத்திகளில் வட்டமுனைவுற்ற ஒளியே அப்பணியைச் செய்கிறது. தற்சுழற்சி மின்னணுவியல் கருவிகளுக்கு இவ்விரு வழிகளும் ஆராயப்படுகின்றன.

பிற்காலம்

1940-இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பேற்றார். 1947-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954-இல் பத்ம பூசண் விருதும், 1958-இல் முதலாவது பட்நாகர் விருதும் பெற்றார்.