தங்கையைப் பறித்த நோயை எதிர்த்து நின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள், காய்ச்சல் என்றால் உடனே சொல்வார்கள். அடிவயிற்றுக் கோளாறு என்றால் சொல்ல மாட்டார்கள். கூச்சம் ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை மறுபக்கம். இந்தக் கூச்சமும் வறுமையும் எத்தனை உயிரைக் குடிக்கும் என்று அறிந்து, ஏழைகளுக்கென்று புற்றுநோய் மருத்துவமனை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் பிறந்தது புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30ந் தேதி. தந்தை நாராயணசாமி அய்யர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி தந்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தாராம். அந்தக் காலத்தில் இது சாதாரண துணிச்சல் அல்ல.

சட்டசபைத் துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம் எல்லாம் பலரும் அறிந்தவை. அவர் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது வேறு. 1923ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். டாக்டரின் வீட்டிலேயே நோய் இப்படி ஏமாற்றிவிட்டது!

1925ல் மேல்பயிற்சிக்கு இங்கிலாந்து சென்றவர், லண்டனில் புற்றுநோய்க்கென்றே இருந்த மருத்துவமனையைப் பார்த்தார். சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். பிழைக்காத நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் உண்டு. அம்மையார் விடவில்லை, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ந் தேதி 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அங்கே வந்த பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காரர்களே அதிகம். பெரும்பாலோர் நோய் முற்றி வந்தவர்கள். முற்றினால் கத்திக்கு வேலையில்லை, கதிர்வீச்சுதான். ஆரம்பத்திலேயே வந்தால் அறுவை செய்யலாம். ஆனால் அதிலும் ஒரு சங்கடம் இருந்தது.

இடுப்புக் கூட்டுக்குள் முன்னால் மூத்திரப்பை, நடுவே கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். முதுகெலும்பின் அடியிலிருந்து வரும் நரம்புகள் இருபக்கமும் வலை போலப் பின்னி இந்த மூன்றுக்கும் கிளை விடுகின்றன. வியன்னாவின் வெர்தைம் 1898ல் தொடங்கிய பெரிய அறுவையில், கர்ப்பப்பையோடு சுற்றுச் சதையும் எடுக்கப்பட்டது. பிற்பாடு வெட்டு இன்னும் அகன்றபோது நரம்பும் சேர்ந்து போயிற்று. உயிர் பிழைத்த பெண்ணுக்கு மூத்திரப்பை நிறைந்தது தெரியாது, தானாக வெளியேறாது. குழாய் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ்வது? மலைச் சரிவில் எட்டு மணி நேரம் நிற்பவளுக்கு அது எவ்வளவு கொடுமை!

இதற்கு வழி கண்டவர்கள் ஜப்பானியர்கள். அம்மையார் உயிரோடிருந்த காலத்தில், 1961ல், டோக்கியோவின் கோபயாஷி நரம்பைத் தனியே பிரித்துக் காக்கும் முறையை வெளியிட்டார். இன்று பல நாடுகளில் அது வளர்ந்திருக்கிறது. ஒரு பக்கத்து நரம்பு தப்பினாலும் மூத்திரப்பைக்குப் பெரிய உதவி. ஆனால் புற்று நரம்பைத் தொடும் முன் நோயாளி வந்தாக வேண்டும்.

பத்மபூஷண் பெற்ற அம்மையார் 1968 ஜூலை 22ந் தேதி, 81வது வயதில் காலமானார்.

மாதவிடாய் நின்றபின் ரத்தம் கண்டாலோ, நாள் தவறிப் பட்டாலோ, உறவுக்குப் பின் கசிந்தாலோ, நாற்றமுள்ள வெள்ளை பட்டாலோ தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். சோதனை சில நிமிட வேலை. சூரியநெல்லிக்காரர்கள் போடிமெட்டு இறங்கினால் தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடையாறுதான் போக வேண்டும் என்றால், 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் ஓடுகிறது.