பளிங்கை உடைத்த அடிகளார்

நம் வீட்டு உப்புச் சாடியிலிருந்து கல்லுப்பு ஒன்றை எடுத்து உருப்பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்போமானால், அது சிறு பெட்டிகள் பல ஒட்டியதுபோற் தோன்றக் காண்போம். அதனை மெல்ல நொருக்கினாலோ துண்டுகளும் பெட்டி பெட்டியாகவே பிரியும். கற்கண்டு, படிகாரம் ஆகியனவும் இவ்வாறே தத்தமக்கென ஒரு வடிவைக் கொண்டு வளர்வன. இப்படி, யாரும் செதுக்காமலே தட்டையான முகங்களும் நேரான விளிம்புகளும் பெற்று உருவாகும் திண்பொருளைப் பளிங்கு என்பர். (மாளிகைத் தரையிற் பதிக்கும் சலவைக்கல்லை நாம் இங்கே கருதவில்லை.) இவ்வடிவங்களின் உள்ளே இருக்கும் ஒழுங்கு யாது என்று கணக்கிட்டுக் காட்டிப் பளிங்கியலுக்கு அடித்தளமிட்டவர் றெனே ஜூஸ்ற் அயுயி என்னும் பிரெஞ்சுக் குருவானவர்.

அவர் 1743ஆம் ஆண்டு மாசி மாதம் 28ஆந் திகதி, பிரான்சின் வடபாகத்திலுள்ள சென் ஜூஸ்ற் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் துணி நெய்து பிழைத்த ஏழை. ஊரிலிருந்த மடத்தின் இசையிலே சிறுவனின் மனம் தோய்ந்தது. நாள்தோறும் வந்து நின்று கேட்கும் பிள்ளையை மடத்துத் தலைவர் கவனித்து, அவனுக்குக் கல்வி புகட்டச் செய்தார். பின்னர் தாயார் அவனைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுவிலும், பின்பு நவார் கல்லூரியில் உபகாரச் சம்பளத்திலும் இடங் கிடைத்தன. 1770இற் குருப்பட்டம் பெற்றார். கார்டினல் லெமுவான் கல்லூரியில் ஆசிரியரானார். நாற்பது வயதை நெருங்கும் வரையில் அவர் பெயரை வெளியுலகம் அறியாது.

உடன் பணியாற்றிய முதியவரொருவர் செடி கொடிகளில் ஆசையுள்ளவர். அவரை மகிழ்விக்கவே அயுயி தாவரவியல் கற்றார். ஒருநாள் அரச பூங்காவில் உலாவுகையில், தோபன்தோன் என்ற பேராசிரியரின் கனிப்பொருள் விரிவுரைக்குச் செல்லும் கூட்டத்தைக் கண்டு தாமும் உள்ளே புகுந்தார். அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டது அந்தக் கேள்வி. ஓரினச் செடியின் பூ எங்கே பூத்தாலும் ஒரே அமைப்பாயிருக்க, கல்சைற்று என்ற ஒரே கல் ஓரிடத்தில் அறுமுகத் தூணாகவும் வேறிடத்தில் நாய்ப்பல்லின் கூர்போலவும் விளைவதேன்?

விடை ஒரு விபத்திற் கிடைத்தது. நண்பரொருவர் வீட்டிலிருந்த அழகிய கல்சைற்றுக் கொத்தை அடிகளார் கையிலெடுத்துப் பார்க்கும்போது அது நழுவி வீழ்ந்தது. ஒரு தூண் முறிந்துபோயிற்று. வீட்டுக்காரர் பெருந்தன்மையோடு அத்துண்டை அவருக்கே கொடுத்துவிட்டார். பிறர் வீட்டுப் பொருளை உடைத்துவிட்டவன் வெட்கத்தாற் தலைகுனிந்து நிற்பதே வழக்கம். அவரோ முறிந்த முகத்தைப் பார்த்தார். அது கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தியால் மேலும் மேலும் பிளந்தார். உள்ளிருந்து வந்தது சாய்ந்த பெட்டிபோன்ற சாய்சதுர வடிவம். உடனே தாம் அருமையாகச் சேர்த்துவைத்திருந்த நாய்ப்பற் பளிங்குகளையும் உடைத்தார். அவற்றின் உள்ளிருந்தும் அதே சாய்சதுரப் பெட்டியே வந்தது. புறத்தே வேறு வேறு உருவம், அகத்தே ஒன்று.

இனி, ஒரே வடிவான சிறு கட்டிகளிலிருந்து பல வடிவங்கள் எப்படி உண்டாகும்? நம் கோயிற் கோபுரத்தை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையிலும் சற்றுச் சிறிதாக அமைய, தூரத்தே நிற்பவனுக்குக் கோபுரம் சரிந்த ஒரே முகமாகத் தோன்றுகின்றது. பளிங்கிலும் அப்படியே, அடுக்குக்கு அடுக்கு ஒரு வரிசையோ இரு வரிசையோ கட்டிகள் குறைந்துகொண்டு போகும். கட்டிகள் கண்ணுக்கெட்டாத அளவு சிறியன ஆதலாற் படிகள் தெரிவதில்லை. சாய்ந்த முகமே தெரிகின்றது. குறைவது ஒன்று, இரண்டு, மூன்று என்ற சிறு முழு எண்களாகவே இருப்பதால் முகங்களின் கோணங்களை முன்கூட்டியே கணிக்கலாம். அதற்காகத் தாம் மறந்துபோன கேத்திரகணிதத்தை அவர் மீண்டும் படித்தார். கணித்த கோணமும் அளந்த கோணமும் ஒத்துவந்தன. 1781இல் இதனை விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். 1783இற் கழகத்தில் உறுப்புரிமை பெற்றார். லாகிராஞ்சு, லவோசியே, லப்பிளாசு போன்ற பேரறிஞர்கள் அவருடைய கல்லூரிக்கே வந்து மாணவர்போலிருந்து கேட்டனர். பளிங்குகளின் கோணங்களை அளந்து புகழ்பெற்றிருந்த றோமே த லீல் மட்டும் இவரைப் பளிங்குடைப்பவர் என்று எள்ளினார். அது பொய்யன்றே!

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. குருமாரெல்லாம் புதிய சட்டத்திற்கு இணங்கிச் சத்தியஞ் செய்யவேண்டும் என்று கட்டளை பிறந்தது. தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதென அடிகளார் மறுத்தார். 1792 ஆவணியில் அவர் அறையைச் சோதனையிட வந்தவர்கள் சுடுகருவி உண்டா என வினவ, அவர் தமது மின்பொறியைச் சுழற்றி ஒரு பொறி எழுப்பிக் காட்டினாராம். வந்தவர்கள் கடிதங்களைப் பறித்தனர், பளிங்குகளைக் கலைத்தெறிந்தனர், அவரைப் பிடித்துச் சென் பிர்மின் மடத்திற் சிறைவைத்தனர். சிறையில் அவர் விரும்பிக் கேட்டது தம் பளிங்குத் தட்டுக்களையே. அவை வந்துசேர, உயிருக்கு வந்திருந்த ஆபத்தைச் சிந்தியாது, கலைந்த கற்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தார்.

வெளியே அவருக்காக ஓடித்திரிந்தவர் இருபது வயது இளைஞரொருவர். பிற்காலத்தில் விலங்கியலிற் பெரும்பெயர் பெற்ற ஜொப்ருவா சென் இலேர் அவரே. அறிஞர்களின் வீடு வீடாகச் சென்று மன்றாடி விடுதலைக் கட்டளை பெற்று இரவோடிரவாகச் சிறைக்கு விரைந்தார். அடிகளாரோ நேரமாகிவிட்டதே, நாளைப் போகலாம் என்று இருந்துவிட்டார்! மறுநாள் ஏறத்தாழ இழுத்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. சில வாரங்களில், புரட்டாதி முதல் நாட்களில், அம்மடத்திலிருந்த குருமாரிற் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். அந்த இளைஞர் அப்போதும் ஏணியுடன் சென்று சிலரை மீட்டார்.

இத்தனைக்கும் பின் அடிகளார் அடங்கி ஒதுங்கியிருந்தால் எவரும் குறைகூறார். புதிய நிறையலகை வகுப்பதற்காக அவரும் லவோசியேயும் சேர்ந்து நீரின் நிறையை அளந்திருந்தனர். இன்று கடையிற் கிலோ என்று கேட்கிறோமே, அதன் பூர்வாங்க வேலை அது. லவோசியே சிறைப்பட்டபோது, சத்தியஞ் செய்ய மறுத்த குருவான இவர் அவருக்காகப் பகிரங்கமாக எழுதினார். பலன் கிட்டவில்லை. 1794 வைகாசியில் லவோசியே தலையிழந்தார். பளிங்கைக் கண்டறிந்ததிலும் இந்த எழுத்தையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1801இல் அவருடைய கனிப்பொருளியற் பெருநூல் நான்கு பாகங்களாக வெளிவந்தது. மரகதமும் பெரில் என்னுங் கல்லும் ஒரே பளிங்குருவின என்று அவர் கூற, வொக்கலென் இரசாயன முறையிற் சோதித்து இரண்டிலும் ஒரு புதிய மூலகம் இருக்கக் கண்டார், அதுவே பெரிலியம். நமது இலங்கைக் கற்களும் அவர் மேசைக்குச் சென்றன. சிங்களத்தில் தோரமல்லி எனப்படுங் கல்லை ஒல்லாந்தர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, அங்கே அது தூர்மலின் ஆயிற்று. சூடாக்கினாற் சாம்பலை இழுக்கும் விந்தை அதற்குண்டு. அதன் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தோன்றுவதையும், அவ்விரு முனைகளின் முகங்களும் ஒன்றுபோல் அமையாததையும் தொடர்புபடுத்திக் காட்டியவர் அயுயி.

அவர் கூறியதெல்லாம் நிலைக்கவில்லை. வெவ்வேறு பொருள்கள் ஒரே பளிங்குருவைப் பெறக்கூடும் என்று 1819இல் மிச்சர்லிக் காட்டியதை முதியவர் ஏற்க மறுத்தார். அதில் இளைஞர் பக்கமே உண்மை இருந்தது. 1912இல் லவேயும் துணைவரும் எக்ஸ் கதிரைப் பளிங்கினூடே செலுத்தினர். அடுத்த ஆண்டிலே பிராக் என்னும் தந்தையும் மகனும் உப்பின் உள்ளமைப்பை வெளிப்படுத்தினர்: சோடியமும் குளோரீனும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல மாறி மாறி நின்றன. அடிகளாரின் கட்டி திண்ணிய செங்கல்லன்று, அணுக்கள் திரும்பத் திரும்ப நிரம்பும் வெற்றுக் கூடு என்பது அப்போது தெளிவாயிற்று. ஆயினும் அவர் கண்ட சிறு முழு எண்களின் விதி பளிங்கியலில் இன்றும் நிற்கின்றது. பெனிசிலின் மருந்தின் அமைப்பைக் கண்டதும் அவ்வியலே. கைக்கடிகாரத்தினுள் அதிர்ந்து நேரங் காட்டுவதும் ஒரு படிகக்கற் துண்டுதான்.

அவருடைய தம்பி வலன்ரீன் அயுயி, பாரிசிலே குருட்டுப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவிய புண்ணியவான். லூயி பிரெயில் பயின்றது அப்பள்ளியிலேயே. நோயுற்று 1817இல் ருசியாவிலிருந்து திரும்பிய தம்பியை அண்ணனே வீட்டில் வைத்துப் பராமரித்தார். முடியாட்சி மீண்டபின் அடிகளார் உபகாரச் சம்பளத்தை இழந்திருந்த காலம் அது. தம்பி 1822 பங்குனியில் இறந்தார். சில வாரங்களில் அடிகளார் அறையிலே தவறி வீழ்ந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். படுக்கையிலும் தம் நூலின் இரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்து, ஆனி மாதத்தில், 79ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பளிங்குத் தொகுதியை ஆங்கிலப் பிரபு ஒருவர் வாங்கிப்போனார். 1848இற் பாரிஸ் நூதனசாலை அதனை மீள விலைக்கு வாங்கிக்கொண்டது.