மூன்றாவது கொடி பிடித்த டாக்டர் அம்பேத்கர்

அரசியல் சட்டத்தை வகுத்தவர் டாக்டர் அம்பேத்கர் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். காங்கிரசுக்கு மாற்றாக இதே பம்பாயில் ஒரு தொழிலாளர் கட்சி கண்டவர் அவர் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

1891 ஏப்ரல் 14-ந்தேதி மாவ் ராணுவ முகாமில் பிறந்தவர். 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நாட்டில் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி தொடங்கி, ஆளுங்கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியிருந்தார். ஆனால் ஜெயித்தது எதிர்க்கட்சி வில்சன். ரூஸ்வெல்ட்டின் கட்சி சில ஆண்டுகளில் மறைந்தது.

பம்பாய் திரும்பிய அம்பேத்கர் பரேல் சால் ஒன்றில் மில் தொழிலாளர்கள் நடுவே பல ஆண்டுகள் குடியிருந்தார். மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் அவர் வீடு கட்டியது பிற்பாடுதான்.

1936 ஆகஸ்டில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். பெயரில் ஜாதி இல்லை. மில் தொழிலாளி, குத்தகை விவசாயி எல்லோருக்கும் இடம் இருந்தது. 1937 சட்டசபைத் தேர்தலில் 17 பேரை நிறுத்தினார். பெரும்பாலோர் ஜெயித்தனர். அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது, அவரைப் போலவே தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் பல்வாங்கர் பாலுவை! அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல உறுப்பினர் தொகுதியில், தனக்குள்ள ஓட்டுகள் அனைத்தையும் ஒருவருக்கே போட அன்று பம்பாயில் அனுமதி இருந்தது. சிறுபான்மையினர் ஒன்றுசேர்ந்தால் தங்கள் ஆளைக் கரையேற்றலாம்.

சட்டசபையில் கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7-ந்தேதி கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942-ல் வந்த கிரிப்ஸ் தூதுக்குழுவின் திட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிப் பாதுகாப்பு இல்லை. அந்த ஆண்டே நாகபுரியில் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் பிறந்தது. தலைவர் சென்னை என். சிவராஜ். தொழிலாளர் கட்சி அதோடு முடிந்தது. காலத்தின் கட்டாயம்தான், ஆனாலும் மற்ற வகுப்புத் தொழிலாளிகள் வெளியே நின்றுவிட்டார்கள். 1946 தேர்தலில் சம்மேளனம் சரிந்தது. அரசியல் நிர்ணய சபைக்கு அம்பேத்கர் வங்காளத்திலிருந்து போக வேண்டியதாயிற்று.

1951-ல் சட்ட மந்திரி பதவியைத் துறந்து, 1952-ல் வடக்கு பம்பாயில் நின்றார். இரட்டை உறுப்பினர் தொகுதி. ஆனால் இம்முறை இரண்டு ஓட்டையும் ஒருவருக்கே போட முடியாது. எனவே சோஷலிஸ்டு அசோக் மேத்தாவுடன் கூட்டு. பழைய தோழர்களான கம்யூனிஸ்டுகளோ டாங்கேயைத் தனியே நிறுத்தினர். ஏராளமான ஓட்டுகள் செல்லாமல் போயின. காங்கிரசின் கஜ்ரோல்கர் ஏறத்தாழ 14,500 ஓட்டில் ஜெயித்தார். மேத்தாவும் தோற்றார். நாடு முழுவதும் சம்மேளனத்துக்குக் கிடைத்த லோக்சபா இடங்கள் சோலாப்பூர், கரீம்நகர் இரண்டே. 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி.

எல்லோரையும் சேர்த்து மறுபடி ஒரு கட்சி தொடங்கத் திட்டமிட்டார். 1956 டிசம்பர் 6-ந்தேதி டெல்லியில் காலமானார். உடல் தாதர் கடற்கரையில் தகனமாயிற்று. அவர் நினைத்த குடியரசுக் கட்சி 1957 அக்டோபரில் நாகபுரியில் உருவாயிற்று. தலைவர் அதே சிவராஜ். சில ஆண்டுகளுக்குள் அது பல துண்டாயிற்று.