காக்பர்ன் துரையும் காப்பிச் செடியும்

கென்யாவின் மேட்டு நிலங்களை வெள்ளையர் தமக்கென ஒதுக்கிக்கொண்ட வரலாற்றை ஆராய்வோர், நம் சேலம் ஜில்லாவின் சேர்வராயன் மலையையும் ஒருமுறை ஏறிப் பார்த்தல் நலம்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்தவர் எம். டி. காக்பர்ன் துரை. கும்பினிக்கு வரி வசூலிக்க வந்த அந்த ஸ்காத்லாந்துக்காரர் ஏற்காட்டின் குளிர்ச்சியில் மனம் பறிகொடுத்தார். அங்கே காப்பி நட்டார், ஆப்பிளும் பேரியும் வைத்தார். பிற்காலத்தில் நீலகிரியின் கோத்தகிரிக்குச் சென்றும் காப்பியை அவர் விடவில்லை. உழைப்பாளி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டின் தந்தை என்று அவரை அழைப்பது நமக்கு உடன்பாடன்று. அவர் வருமுன்னரே மலையாளிகள் (கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைக்குடிகள்) அங்கே சாமையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்தனர். காப்பி பெருகப் பெருகத் தோட்டங்கள் துரைமார் கைக்குச் சென்றன. மலைக்குடிகளில் பலர் அவற்றில் கூலிகளாயினர்.

காப்பியின் பிறப்பிடமோ எத்தியோப்பியா. அதன் அண்டை நாடான கென்யாவில் வெள்ளையர் அச்செடியைப் பயிரிட்டுச் செழித்தனர். ஆப்பிரிக்கர் அதைப் பயிரிடுவதை 1930-களின் தொடக்கம் வரை தடுத்தும் வைத்தனர். 1963-இல் விடுதலை பெற்ற கென்யா, வெள்ளையர் வசமிருந்த தன் நிலத்தையே அந்நியக் கடன் பெற்று விலைக்கு வாங்க நேர்ந்தது.