நெஞ்சை விட்டுப் போகாத காவடிச் சிந்து

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே எழுந்து நிற்கிறது கழுகுமலை. அடிவாரத்தில், மலையைக் குடைந்த முருகன் கோவில். அந்த முருகன் மீது காவடிச் சிந்து பாடிப் புகழ் பெற்றவர் அண்ணாமலை ரெட்டியார்.

கரிவலம்வந்தநல்லூரை அடுத்த சென்னிகுளம் அவருடைய ஊர். திருவாவடுதுறை மடத்திலும் சென்று தமிழ் படித்தார். அங்கே உ.வே.சாமிநாத ஐயரிடம் பாடம் கேட்டார். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார்.

ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தார். நெடுந்தூர நடை. அந்த நடைக்காகப் பிறந்ததுதான் சிந்து.

காலடிதான் அதற்குத் தாளம். கண்ணி மாறினாலும் மெட்டு மாறாது. அடிதோறும் இயைபு துள்ளி வரும். ஓர் அடி முடியுமுன்பே அடுத்த அடிக்கு வாய் தயாராகிவிடும். இப்படிப்பட்ட பாட்டு, பாடி முடித்ததும் ஓய்ந்துவிடுமா? காவடியை இறக்கி வைத்துப் படுத்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாட்டு ஓடுவது தன் மனத்துக்குள்தான் என்று அவருக்கே தெரியும். வேறு வேலையில் மூழ்கினால் அது தானாக அடங்கும்.

யாரும் பாடாத பாட்டு

இன்னொன்று உண்டு. அது மனத்தில் ஓடுவதல்ல. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுவதுபோலக் காதிலேயே கேட்பது. எழுந்து போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்!

ஜெர்மனி நாட்டு இசைமேதை ஷுமானுக்கு 1854-ல் இப்படித்தான் ஆயிற்று. முதலில் ஒரே சுரம் ஓயாமல் கேட்டது. பிறகு முழு இசையே கேட்டது. மனம் கலங்கி ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். 1856-ல் மனநோய் விடுதியில் இறந்தார்.

ஆனால் இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் சித்தம் கலங்கியவர்கள் அல்ல. பெரும்பாலும் காது மந்தமான முதியவர்களுக்கே இது வருகிறது. வெளியோசை குறையும்போது, மூளை தன்னிடம் உள்ள பழைய பாட்டை எடுத்து ஒலிக்கிறது. பேய் என்று பயந்து மந்திரிக்கப் போவதைவிட, காது டாக்டரிடம் போவது நல்லது. செவிக்கருவி பொருத்தியதும் பலருக்கு இது குறைந்திருக்கிறது. பாட்டி பாட்டுக் கேட்கிறது என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கக் கூடாது.

ரெட்டியார் நெடுநாள் வாழவில்லை. இளம் வயதிலேயே, 1891-ல் காலமானார். கழுகுமலைக்குக் காவடி வரும்போது அவர் சிந்தும் கூடவே வருகிறது.