கோவிந்தப்ப வெங்கடசாமி

கோவிந்தப்ப வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 – சூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். உடன் பணியாற்றியவர்களாலும் வெளிநாட்டு மருத்துவர்களாலும் இவர் டாக்டர் வி என அழைக்கப்பட்டார். மருத்துவமனையை நாடி வர இயலாத ஏழை மக்களைத் தேடி மருத்துவர்களை ஊர்களுக்கு அழைத்துச் சென்றதும், மருத்துவருக்கு மட்டுமே உரியவை எனக் கருதப்பட்ட பணிகள் பலவற்றை நாட்டுப்புறப் பெண்களுக்குக் கற்பித்ததும் இவருடைய முதன்மையான பங்களிப்புகள் ஆகும். இவர் தம் கையால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை மருத்துவங்களைச் செய்தார்.

பிறப்பும் இளமையும்

வெங்கடசாமி எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே மூத்தவர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர் 1986 இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன் பகுதியாயிற்று.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதியம்புத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இந்நிலப்பரப்பு கரிசல் மண்ணால் ஆனது. பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே இங்கு நடைபெறுகிறது. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் இம்மண்ணில், மழை பொய்த்த ஆண்டுகளில் உழவர் குடும்பங்களின் கையில் பணம் இருப்பதில்லை. மருத்துவத்துக்காக நகரத்துக்குச் செல்வது அக்காலத்தில் எளிதில் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை.

வெங்கடசாமி படித்த ஊர்ப் பள்ளியில் எழுதுவதற்குப் பலகையோ தாளோ இல்லை. மாணவர்கள் ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பயின்றனர். இவர் சிறுவனாக இருந்தபோது உறவினர்களான பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றையொட்டிய சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்தனர். ஊரில் மருத்துவர் எவரும் இல்லை. இவ்விறப்புகளே தம்மை மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்று எண்ணச் செய்தன என்று பிற்காலத்தில் இவர் நினைவுகூர்ந்தார்.

கல்வியும் நோயும்

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938 இல் பட்டம் பெற்ற வெங்கடசாமி, சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் 1944 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இந்தியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

படையில் பணியாற்றியபோது இவரைக் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் நிலையாகக் கோணிப்போயின. நீண்ட காலம் படுக்கையிலேயே இருந்த இவர் 1948 இல் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பேனாவைப் பிடிப்பதே கடினமாக இருந்த நிலையில் மகப்பேற்று மருத்துவம் பயிலும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

இதன் பின்னர் இவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951 இல் கண் மருத்துவப் பட்டயமும், 1954 இல் அத்துறையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்ட கருவிகளைக் கொண்டு, நுண்ணிய அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தாமே பயிற்சி செய்து பழகினார். நோயின் வலி இவரது வாழ்நாள் முழுவதும் நீடித்தது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அரசுப் பணியும் கண் முகாம்களும்

1956 இல் வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், மதுரை அரசு எர்சுக்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். அங்கு இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

இந்தியாவில் பார்வை இழப்புக்குப் பெருங்காரணமாக இருப்பது கண்புரை நோயாகும். கண்ணின் உள்ளே இருக்கும் தெளிவான வில்லை முதுமை முதலிய காரணங்களால் மங்கி, ஒளியைத் தடுத்துவிடுவதே கண்புரை எனப்படுகிறது. மங்கிய வில்லையை அறுவை மூலம் நீக்கினால் பெரும்பாலானோர் மீண்டும் பார்க்க இயலும். எனவே புரையால் பார்வை இழந்தவர்களுள் பலர் உண்மையில் பார்வையற்றவர்களாக இருக்கவேண்டிய தேவையே இல்லாதவர்கள். ஆயினும் அரசு மருத்துவமனை இலவசமாக இருந்தும் அவர்கள் வரவில்லை. முதியவரை அழைத்து வரும் மற்றொருவர் தம் கூலியை இழக்கவேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். நகரத்தில் தங்கவும் உண்ணவும் செலவாகும். இவற்றோடு, முதுமையில் பார்வை போவது இயல்பே என்ற எண்ணமும் கத்தியின் மீதான அச்சமும் சேர்ந்திருந்தன.

இதனை உணர்ந்த வெங்கடசாமி 1960களின் தொடக்கத்தில் நடமாடும் கண் முகாம்களைத் தொடங்கினார். மருத்துவர்களும் செவிலியர்களும் ஊர்களுக்குச் சென்று, பள்ளிக் கட்டடங்களிலும் சத்திரங்களிலும் நோயாளிகளைச் சோதித்தனர். தொடக்க காலத்தில் அறுவையும் அங்கேயே செய்யப்பட்டது. 1966 இல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றும், 1973 இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சித் திட்டமும் இவரது முயற்சியால் தொடங்கப்பட்டன.

அரவிந்த் கண் மருத்துவமனை

1976 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி, அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் ஈடுபாடு கொண்டிருந்த சிறீ அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார். மருத்துவமனையை நடத்தக் கோவெல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. போதிய முதல் இல்லாத நிலையில் சொந்த வீடு அடமானம் வைக்கப்பட்டது. இவருடைய தங்கை மருத்துவர் கோ. நாச்சியார், அவருடைய கணவர் மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தினர் உடனிருந்து பணியாற்றினர். தம்பி கோ. சீனிவாசன் கட்டடப் பணிகளையும் நிதியையும் கவனித்துக்கொண்டார்.

பணம் செலுத்தக்கூடியவர்களிடம் பெறும் கட்டணத்தைக் கொண்டே, செலுத்த இயலாதவர்களுக்கு இலவசமாக மருத்துவம் செய்வது இம்மருத்துவமனையின் அடிப்படை ஏற்பாடாகும். வருபவர் ஏழையா என்று சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. கட்டணப் பிரிவுக்குச் செல்வதா இலவசப் பிரிவுக்குச் செல்வதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். இரு பிரிவுகளிலும் அதே மருத்துவர்களே மாறி மாறிப் பணியாற்றுகின்றனர். அறை வசதியில் வேறுபாடு உண்டு.

தேனியில் 1985 இலும், திருநெல்வேலியில் 1988 இலும், கோயம்புத்தூரில் 1997 இலும், புதுச்சேரியில் 2003 இலும் கிளை மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. திருநெல்வேலி மருத்துவமனை தொடங்கிய பின்னர், வெங்கடசாமி பிறந்த கரிசல் பகுதி மக்கள் மதுரை வரை செல்லவேண்டிய தேவை குறைந்தது.

முகாம் முறையில் மாற்றங்கள்

முகாம்களில் அறுவை தேவை என்று அறிவுறுத்தப்பட்டவர்களுள் பலர் அதன் பின்னர் மருத்துவமனைக்கு வரவில்லை. காரணத்தை அறிய நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று கேட்டறிந்தபோது, அறுவை இலவசமானாலும் பயணமும் உணவும் இலவசமல்ல என்பதே தடையாக இருந்தது தெரியவந்தது. எனவே பேருந்து, உணவு, தங்குமிடம், மருந்து, கண்ணாடி ஆகிய அனைத்தும் இலவசமாக வழங்கப்பட்டன.

இம்மாற்றத்துக்குப் பின் முகாம்கள் பின்வரும் முறையில் நடைபெற்றன. உள்ளூர் அரிமா சங்கம், பள்ளி, ஆலை, கோயில் போன்ற ஏதேனும் ஓர் அமைப்பு முகாமுக்கான இடத்தையும் விளம்பரத்தையும் ஏற்றுக்கொள்ளும். முகாம் நாளில் பெயர்ப் பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தச் சோதனை, மருத்துவர் சோதனை ஆகியவை வரிசையாக நடைபெறும். கண்ணாடி மட்டும் தேவைப்படுவோர் பலருக்கு அங்கேயே அது வழங்கப்படும். புரை உள்ளவர்கள் ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவர். தெரிந்த முகங்கள் உடன் வருவதால் அச்சம் குறைந்தது. தொற்றைத் தவிர்ப்பதற்காக ஊர்களில் அறுவை செய்வது கைவிடப்பட்டு, மருத்துவமனையில் மட்டுமே செய்யப்பட்டது. சில நாட்களில் அவர்கள் மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடப்படுவர்.

நாட்டுப்புறப் பெண்களுக்குப் பயிற்சி

நோயாளிகளின் எண்ணிக்கையுடன் ஒப்பிடும்போது கண் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்தனர். மருத்துவரின் நேரத்தில் பெரும்பகுதி மருத்துவக் கல்வி தேவைப்படாத பணிகளில் செலவாவதை வெங்கடசாமி கண்டார். பள்ளிக் கல்வி முடித்த நாட்டுப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் இரண்டாண்டுகள் பயிற்சி அளிக்கும் முறை அரவிந்தில் வளர்ந்தது. பார்வையை அளத்தல், கண் அழுத்தம் அளத்தல், நோயாளியை அறுவைக்கு ஆயத்தப்படுத்தல், அறுவையில் துணை நிற்றல், நோயாளிக்கு விளக்கி அச்சம் போக்குதல் ஆகியவற்றை இப்பெண்கள் செய்கின்றனர். நோயைக் கண்டறிந்து முடிவு செய்வதும் அறுவை செய்வதும் மட்டுமே மருத்துவரின் பணியாக எஞ்சின.

அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் ஒதுக்கப்படுகின்றன. ஒரு நோயாளிக்கு அறுவை நடைபெறும்போதே அடுத்தவர் மற்றொரு மேசையில் ஆயத்தமாக இருப்பார். இம்முறையால் அரவிந்த் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 அறுவைகள் செய்ய இயன்றது; இது நாட்டின் பொதுவான சராசரியைவிடப் பல மடங்கு அதிகமாகும். விரைவினால் தரம் குறையாதா என்ற வினா இயல்பாக எழுந்தது. அறுவைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களைப் பதிவு செய்து ஆராயும் வழக்கத்தை மருத்துவமனை இதற்காக மேற்கொண்டது.

விழிவில்லை உற்பத்தி

1980களில் புரை அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்குத் தடித்த கண்ணாடியே கிடைத்தது. அது உடைந்தாலோ தொலைந்தாலோ அவர்கள் மீண்டும் ஏறத்தாழப் பார்வையற்றவராயினர். நீக்கப்பட்ட வில்லைக்கு மாற்றாகக் கண்ணுக்குள்ளேயே பொருத்தப்படும் செயற்கை விழிவில்லை அப்போது வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. அதன் விலை இலவச நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. ஏழைகளுக்கு அது தேவையற்ற ஆடம்பரம் என்ற கருத்தும் நிலவியது. அதனை ஏற்காத வெங்கடசாமியும் குழுவினரும் 1992 இல் மதுரையில் ஆரோலேப் என்னும் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினர். அமெரிக்காவைச் சேர்ந்த சேவா அறக்கட்டளை இதற்குத் துணைநின்றது. உள்நாட்டு உற்பத்தியால் வில்லையின் விலை இறக்குமதி விலையில் சிறு பங்காகக் குறைந்தது. பின்னர் இவ்வில்லைகள் பல நாடுகளுக்கும் ஏற்றுமதி ஆயின.

பிறருக்குக் கற்பித்தல்

தம் முறைகளை வெங்கடசாமி மறைத்து வைக்கவில்லை. அரிமா சங்கத்தின் உதவியுடன் 1992 இல் மதுரையில் சமுதாயக் கண் மருத்துவத்துக்கான பயிற்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியாவின் பிற மாநிலங்களிலிருந்தும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் நிருவாகிகளும் இங்கு வந்து, அறுவை நுட்பத்தை மட்டுமன்றி முகாம் நடத்துதல், கணக்கு, பணியாளர் பயிற்சி ஆகியவற்றையும் கற்றுச் சென்றனர். 1993 இல் ஆர்வர்டு வணிகப் பள்ளி இம்மருத்துவமனையைப் பற்றிய பாட ஆய்வு ஒன்றை வெளியிட்டது.

எட்டாத மக்கள்

இத்தனை முயற்சிக்குப் பின்னும் முகாம்கள் எல்லோரையும் சென்றடையவில்லை. கண் மருத்துவம் தேவைப்படும் கிராம மக்களுள் மிகச் சிறு பங்கினரே முகாமுக்கு வந்தனர் என்று 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஓரிரு நாட்கள் மட்டும் நடைபெறும் முகாமுக்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓரிடம் அருகிலேயே தேவைப்பட்டது. எனவே வெங்கடசாமியின் இறுதி ஆண்டுகளில் சிற்றூர்களில் பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண்கள் அங்கு நோயாளியைச் சோதிப்பர். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் இணைய ஒளிப்படத் தொடர்பு வழியே நோயாளியிடம் பேசி முடிவு கூறுவார். தேனிப் பகுதியில் இதற்கான நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் அமைக்க உதவினர். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு 1973 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1987 இல் எலன் கெல்லர் பன்னாட்டு அமைப்பின் விருதும், 1993 இல் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் பார்வை இழப்புத் தடுப்பு விருதும் இவருக்குக் கிடைத்தன.

வெங்கடசாமி 2006 சூலை 7 அன்று மதுரையில் தமது 87 ஆம் அகவையில் காலமானார். அவருடைய மறைவுக்குப் பின் அரவிந்த் நிறுவனம் 2008 இல் கேட்சு அறக்கட்டளையின் உலக நலவாழ்வு விருதையும், 2010 இல் கான்ராடு இல்டன் மனிதநேய விருதையும் பெற்றது. இவருடைய நூற்றாண்டு நாளான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தன் முகப்பில் இவரது உருவத்தை இட்டுச் சிறப்பித்தது.

மருத்துவர் இல்லாத ஊரில் பிறந்து, உறவினரின் இறப்புகளைக் கண்டு மருத்துவரான வெங்கடசாமி, தாம் எண்ணிய மகப்பேற்று மருத்துவத்தை ஒருநாளும் செய்ய இயலவில்லை. ஆனால் தம் ஊரைப் போன்ற சிற்றூர்களின் பெண்கள் பலர் வெள்ளுடை அணிந்து நோயாளியின் கண்ணைச் சோதிக்கும் நிலையை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.