பொன் ரேக்கில் அணுக்கருவைக் கண்ட ரூதர்போர்டு

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில், மைந்தரைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய்மார் உண்டு. அத்துயரை அறிந்த இல்லமொன்றில் வளர்ந்தவரே அணுக்கருவைக் கண்டறிந்த எர்னஸ்ட் ரூதர்போர்டு பெருமகனார். நியூசிலாந்தின் நெல்சன் நகருக்கு அருகில் 1871 ஆகஸ்டு 30 அன்று பன்னிரு மக்களுள் நான்காமவராகப் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்தவர். அன்னையார் பள்ளி ஆசிரியை. தம்பியர் இருவர் கடற்கழியில் மூழ்கி மாண்டனர்.

உதவித்தொகை பெற்று 1895-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்த அவர், பின்னர் கனடாவில் கதிரியக்கத்தை ஆராய்ந்தார். 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலாருக்கு வேதியியல் பரிசு! பரிசோடு ஓய்ந்துவிடுவோர் உளர். இவருடைய தலையாய பணியோ அதன் பின்னரே தொடங்கிற்று.

அப்போது அவர் மான்செஸ்டரில் பேராசிரியர். உலோகத் தகட்டில் மோதும் ஆல்பாத் துகள்கள் பின்னோக்கித் திரும்புமா என்று பார்க்குமாறு, 1909-இல் இருபது வயது மாணவர் மார்ஸ்டனைப் பணித்தார். ஹான்ஸ் கைகர் உடன் நின்றார். இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடுத் திரையில் தோன்றி மறையும் ஒளிப்பொறிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாய் எண்ணினர்.

பாடநூல்கள் துகள் திரும்பிய வியப்பைப் பாடுகின்றன; தகட்டை மறந்துவிடுகின்றன. அது குறையே என்பது நம் கருத்து. தகடு தடித்தால் துகள் உள்ளேயே அடங்கிவிடும்; அன்றேல் பல சிறு மோதல்கள் ஒன்றுகூடித் திரும்பியதோ என்னும் ஐயம் எழும். பழவேற்காட்டில் படகோட்டி ஊன்றும் கழி சேற்றில் இறங்கும். ஆளிப்படுகையில் பட்டால் உடனே அதிரும். ஆழமற்ற நீரிலன்றோ ஒரே அதிர்வில் அதனை உணர இயலும்! ஆகவே பொன்னை மெல்லிய ரேக்காக்கிப் பயன்படுத்தினர். ஹைதராபாத்தில் நம் சமுதாயக் கைவினைஞர் இனிப்புகளுக்கு வெள்ளி ரேக்கு அடிப்பதைக் கண்டோர்க்கு இவ்வகைத் தொழிலின் அருமை விளங்கும்.

ரேக்கையும் சோதித்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது திரும்பும் துகள்கள் ஓரெல்லைவரை பெருகின. எனவே துகள்கள் மேற்பரப்பில் மட்டும் பட்டுத் திரும்பவில்லை. உள்ளிருந்தும் திரும்பின எனத் தெளிந்தனர். ரேக்கின் தடிமனை, அதே அளவு துகளைத் தடுக்கும் காற்றின் அளவாலும் குறித்தனர். 0.00004 சென்டிமீட்டர்ப் பொன், 1.6 மில்லிமீட்டர்க் காற்றுக்கு நிகர். அதில் சுமார் 20,000 துகளில் ஒன்றே செங்கோண அளவில் திரும்பிற்று.

அந்த ஒன்றை அளவைப் பிழையென ஒதுக்காதது ரூதர்போர்டின் பெருமை. ஈராண்டு சிந்தித்து, அணுவின் நிறையெல்லாம் நடுவிலுள்ள நுண்ணிய கருவில் குவிந்துள்ளதென 1911-இல் அறிவித்தார். ஒரே மோதலில் நிகழும் விலகலைக் கொண்டே அவர் கணக்கிட்டார். கோணம், தடிமன், உலோகம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சோதித்து, 1913-இல் கைகரும் மார்ஸ்டனும் அக்கணக்கை மெய்ப்பித்தனர்.

1919-இல் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைமையை ஏற்ற ரூதர்போர்டு, 1937 அக்டோபர் 19 அன்று மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் நியூட்டன் கல்லறைக்கு அருகில் அவர் அஸ்தி வைக்கப்பட்டது.

இன்று தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் போன்ற இடங்களில், வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தும் உருளையிட்டு நசுக்கியும் இலக்குத் தகடுகள் செய்கின்றனர். அவற்றின் தடிமனை அளக்கும் முறைகளுள் ஒன்று, அவற்றைக் கடக்கும் ஆல்பாத் துகள் இழக்கும் ஆற்றலை அளப்பதேயாகும்.